நிறம் வராத தண்ணீர்

செவ்வாய், இரவு.

ஏரியூர் பக்கம் ஒரு ஊரில் இன்று குழாய்த் தண்ணீரில் குளோரின் பார்த்தேன். சோதனை மாத்திரையைப் போட்டால் ரோஸ் நிறம் வர வேண்டும். வரவில்லை. குளோரினே இல்லை என்று நினைத்து, தொட்டி ஆபரேட்டர் மாதேஷ் அண்ணனிடம் பிளீச்சிங் பவுடரைக் கூட்டச் சொன்னேன்.

"காலையிலயே நெறைய போட்டனுங்க மேடம்" என்றார். நான் கேட்கவில்லை. மறுபடியும் போட்டார்.

அதன் பிறகும் நிறம் இல்லை. குடம் பிடிக்க வந்த லட்சுமி அக்கா, "நெடி மூக்கைப் புடுங்குது, வாயில வெக்க முடியல. நீங்க மருந்தே இல்லைன்னு சொல்றீங்களே?" என்றார். பக்கத்தில் அவர் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதே தண்ணீரில் கேன் தண்ணீரை நிறையக் கலந்து மாத்திரையைப் போட்டேன். அடர்ந்த ரோஸ். குளோரின் அளவு மீறினால், மாத்திரை தரும் நிறத்தை அதுவே வெளுத்துவிடும். பயிற்சியில் சொன்னதுதான். குழாய்களை மூடச் சொல்லி, தொட்டித் தண்ணீர் முழுவதையும் வெளியே விட்டோம்.

நேற்று பக்கத்து ஊரிலும் நிறம் வரவில்லை. அங்கேயும் பவுடரைக் கூட்டச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அந்த ஆபரேட்டர் இன்னும் போனை எடுக்கவில்லை. திரும்பவும் அடித்துப் பார்க்கிறேன்.