பாதி பிரெஞ்சு

தொட்டியின் எதிர்க்கரையில் நின்ற என் மாணிக்கமே,

சைகோன் வேலைக்கு ஆள் எடுக்கும் புதுச்சேரிக்காரர் ஒருவழியாக ஆம்பூர் வந்துவிட்டார். நாம் இரண்டு பேரும் வருஷக்கணக்கில் காத்திருந்த ஆள்தான். இந்த மழைக்காலம் முடியும்வரை நீ பொறுத்திருக்கக் கூடாதா? அந்தப் பாழாய்ப்போன காய்ச்சலுக்கு உன்னை விட்டால் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

கேள், உன்னால் என் மானம் போனது. அங்கே தோல் கிடங்கில் மேஸ்திரி வேலையாம், பிரெஞ்சு வந்தால்தான் உண்டாம். 'பேசு' என்ற சொல்லை நான், நீ, அவன் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். நமக்கு அது தண்ணீர் பட்ட பாடு அல்லவா? "ழெ பார்ல்" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். அதோடு வாய் நின்றுவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. தோல் பதனிடும் ஷாப்பில் மரப்பட்டை ஊறிய தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஈரத் தோலை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கும்போது, ஏலேலோவுக்குப் பதிலாக இதைத்தானே பாடினோம்? 'நான் பேசுகிறேன்' என்பது என் தூக்கு, 'நீ பேசுகிறாய்' என்பது உன் தூக்கு. 'அவன்' எனக்கு, 'நாம்' உனக்கு. எந்த வினைச்சொல் வந்தாலும் அதே பங்கீடு. உன் பாதி என் காதுக்குத் தெரியும், நாக்குக்கு வரவில்லை. உன் குரல் வரட்டும் என்று மடையன் மாதிரி நின்றேன். அவர் பரிதாபப்பட்டு, திங்கட்கிழமை மறுபடி வரச் சொன்னார்.

நாம் படித்த பிரெஞ்சுப் புத்தகத்தைப் பார்க்கலாம் என்றால், உன் அம்மா அதை உன் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நீ எழுதிவைத்த தாள் ஏதாவது இருக்குமா என்று அவளிடமே போனேன். வாசலில் நின்று "ழெ பார்ல்" என்று முணுமுணுத்தேன். உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலை நிமிராமல் "து பார்ல்" என்றாள்.

'நீ பேசுகிறாய்', உன் தூக்கு!

"இன்னாடா நின்னுட்ட? மேல சொல்லு. அவன் பல்லு வெளக்கறப்போகூட இதையேதான சொல்லிக்கினு இருப்பான்," என்றாள். அர்த்தம் அவளுக்குத் தெரியாது. நான் என் பாதியைச் சொன்னேன், அவள் உன் பாதியைச் சொன்னாள். அதன்பிறகு தினமும் காலையில் எனக்காகக் காத்திருந்தாள். மாணிக்கம், நீ போனபின் அவள் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது அப்போதுதான்.

நேற்று நானே முழுவதையும் தடுமாறாமல் சொல்லிவிட்டேன். அவள் கை நின்றுபோனது.

"உனுக்கு முழுசா வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா."

"அப்போ கப்பல் ஏறிடுவ. என் புள்ள பங்க நான் யாருகிட்டடா சொல்றது?"

நான் அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

இன்று ஞாயிறு. மாதா கோயிலில் முழங்காலிட்டும் மனம் ஜபத்தில் நிற்கவில்லை. வேலை கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் இந்தத் தொட்டிதான். கிடைத்துவிட்டாலோ? அவளையும் அழைத்துப் போகலாம் என்று பார்க்கிறேன். ஆனால் நீ இங்கே மண்ணுக்குள் கிடக்கும்போது அவள் ஊரை விட்டு வருவாளா?

நாளை போய் உன் பாதியையும் சேர்த்தே சொல்லிவிட்டு வருகிறேன். அம்மாவைத் தனியே விட்டு நான் கப்பல் ஏறமாட்டேன், இது சத்தியம். உன்னைத் தனியே விட்டு ஏறுவேனா என்று மட்டும் கேட்காதே.

உன் அம்மாவுக்கு மீதியிருக்கும் பிள்ளை,
கூடப்பிறக்காத உன் தம்பி சின்னப்பன்