களத்தைப் பெயர்த்த தீர்மானம்

தை மாதம், செவ்வாய் இரவு.

ஊர்ப் பொதுக்களத்தை, நெல் காயப்போடும் அந்த சிமெண்ட் தளத்தை, காலையில் பொக்லைன் வைத்துப் பெயர்த்துவிட்டார்கள். அங்கே சமுதாயக்கூடம் வரப்போகிறதாம். அறுவடை நேரத்தில் இதைச் செய்ய யாருக்கு மனசு வந்தது என்று கேட்கத்தான் ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். வார்டு உறுப்பினர் நான். எனக்கே தெரியாமல் எப்படி?

கிளார்க் தீர்மான நோட்டைத் திருப்பிக் காட்டினார். களத்தில் கூடம் கட்டலாம் என்று தீர்மானம். முன்மொழிந்தவர் என்று என் பெயர். கீழே என் கையெழுத்து.

"கூட்டத்தன்னைக்கு ஒண்ணும் எழுதாத பக்கத்துலதானே போட்டேன்?"

"எல்லாரும் அப்படித்தானேக்கா போடுறீங்க. அப்புறம்தானே நாங்க எழுதுறோம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மூன்று வருஷமாக அப்படித்தான் போடுகிறேன். அடுப்பில் உலை கொதிக்கிறது என்று நின்றபடியே போட்டுவிட்டு ஓடிவருவேன்.

திரும்பும் வழியில் செல்வி நின்றாள். குத்தகை நிலத்தில் அவள் அறுத்த நெல் ஈரத்தோடு ரோட்டோரம் குவிந்து கிடந்தது. ஈரநெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள்.

"எந்தப் பாவிக்கா அங்க கூடம் வேணும்னு கேட்டது?" என்றாள்.

தெரியலையே என்றேன்.

"நீங்களாச்சும் போய்க் கேட்டீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையை.