கால் வைக்க இரண்டு கம்பிகள்

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் இருமல் குறைந்ததா? மருந்தைக் குடிக்கிறாயா, இல்லை அலமாரிக்குக் காவல் வைத்திருக்கிறாயா?

ஆபீஸில் நான்கு பேர் ஒரு வாரம் சைக்கிளில் மலைப்பக்கம் போகிறார்கள். கணக்குப் பிரிவு அக்கா, "நீயும் வர்றியா?" என்றார். வாய் திறக்குமுன் தலை ஆடிவிட்டது. பைகளை மாட்ட, உடைந்த நாற்காலிக் குழாயை வளைத்து நானே கேரியர் செய்தேன். உன் மகளாயிற்றே! ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கிறது. "சைக்கிள் ஓட்டுறியா, பையை உதைக்கிறியா?" என்கிறார் வீட்டுக்காரம்மா.

உன் நாற்காலிப் பட்டறையில் நல்லதாக ஒன்று செய்து தருவாயா? அதைக் கொண்டுவரும் சாக்கில் நீயும் வா. வேலையில் சேர்ந்ததிலிருந்து கூப்பிடுகிறேன். என் அறையை நீ இன்னும் பார்க்கவே இல்லை.

உன்
வாயில்லாப்பூச்சி

ஜூன் 11

என் செல்லத்துக்கு,

இருமல் போயிடுச்சு. கேரியர் செஞ்சாச்சு. குழாய்ல மணலைக் கொட்டி வளைச்சேன், எங்கயும் நசுங்கல. நம்ம லாரி டிரைவர் அண்ணன் கொண்டுவந்து குடுப்பார்.

நான் வரல கண்ணு. அங்க எல்லாம் படிச்சவங்க. ஏதாவது கேட்டா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். உனக்குத்தான் தலைகுனிவு.

அம்மா

ஜூன் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

கேரியர் வந்தது. என்ன அழகான பற்றவைப்பு! குதிகால் இடிக்கவில்லை. ஆனால் சக்கரத்தின் இரண்டு பக்கமும் கால் வைக்கக் கம்பி எதற்கு? என் பைக்குக் கால் முளைக்குமா?

தலைகுனிவு என்று இனி எழுதாதே. கோபம் வருகிறது.

உன் மகள்

ஜூன் 20

செல்லத்துக்கு,

சிரிக்காத. கேரியர்னா ஆளு உக்காரும்னுதான் என் கைக்குத் தெரியும். உன்னைப் பின்னாடி உக்கார வெச்சுப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் மிதிச்சப்ப, உன் கால் சக்கரத்துல மாட்டிடக் கூடாதுன்னு இப்படித்தான் வெச்சேன். பாரம்னா அறுத்துப் போட்டுடு. பத்திரமாப் போயிட்டு வா.

அம்மா

ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

அறுக்கவில்லை. நல்லவேளை!

மலையிலிருந்து இறங்கிய பிறகு, கணக்குப் பிரிவு அக்காவுக்கு முழங்கால் பந்துபோல் வீங்கிவிட்டது. ஆளில்லாத சாலை. மற்றவர்களின் கேரியர் எல்லாம் பை தாங்கும், ஆள் தாங்காது. என் பைகளை அவர்களிடம் கொடுத்துவிட்டு, "ஏறுங்கக்கா" என்றேன். உன் கம்பிகளில் கால் வைத்து உட்கார்ந்துகொண்டார். அவர் சைக்கிளை மற்றவர்கள் உருட்டிவந்தார்கள்.

வலி தெரியாமல் இருக்க ஏதாவது பேசு என்றார். பேசினேன் அம்மா, ஊர் வந்துசேரும்வரை! "ஆபீஸ்ல உனக்கு வாயே இல்லைன்னு நெனச்சேனே!" என்று சிரித்தார். "யாரு செஞ்ச கேரியர் இது?" என்றார். காற்றில் கேட்க வேண்டுமே என்று கத்தியே சொன்னேன்: "எங்கம்மா! நாற்காலி செய்றாங்க!"

குண்டு குழிகளில் குலுங்கும்போது குழாயிலிருந்து கொஞ்சம் மணல் உதிர்ந்தது. உன் பட்டறை மணல். நீ கூடவே வந்ததுபோல் இருந்தது. நன்றி அம்மா. அந்தக் காலத்தில் எனக்காக சைக்கிள் மிதித்ததற்கும் சேர்த்து.

அக்கா உன்னைப் பார்க்க வேண்டுமாம். வா. பஸ் நிலையத்திலிருந்து நான் மிதிக்கிறேன். யாராவது ஏதாவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். இப்போது எனக்குப் பேச்சு வருகிறது.

உன் மகள்

ஜூலை 7

என் செல்லத்துக்கு,

ஞாயித்துக்கிழமை காலைல வரேன். உக்கார ஒரு மெத்தை தைச்சிருக்கேன். நான் கனம், முன்னாடியே சொல்லிட்டேன். வழியில மேடு வந்தா மூச்சு வாங்கிக்கிட்டு மிதிக்காத. நீ பின்னாடி ஏறிக்கோ, நான் மிதிக்கிறேன்.

அம்மா