கொழும்பில் இரண்டு நாள்

அண்ணாச்சி,

சென்னையில் மகன் வீட்டுக்குப் போவதற்காக நேற்று பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். நீங்களும் மதினியும் இலங்கைக்குக் கொண்டுபோன என்னுடைய நீலப் பெட்டிதான். திருப்பித் தரும்போது கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, உள்ளே வேப்பிலை போட்டுத் தந்திருந்தீர்கள். இத்தனை வருடம் ஆகியும் திறந்ததுமே பூஞ்சை வாடை அடித்தது. நம் ஊர் வெயிலுக்கும் போகாத வாடை. பெட்டியை மூடிவிட்டுத் துணிப்பையில் சட்டைகளை எடுத்து வைத்தேன். அதன்பிறகு வேறு வேலை ஓடவில்லை. நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் துறைமுகத்து எடைமேடையில் இருந்தீர்கள். நான் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா. வேலை முடிந்து பீச் ரோட்டு டீக்கடையில் நாம் உட்காரும்போதெல்லாம் கொழும்பைப் பற்றி நான்தான் பேசுவேன். எந்தத் தெருவில் என்ன கிடைக்கும், எங்கே மீன் நன்றாக இருக்கும் என்று அளப்பேன். “கொழும்பு நமக்கு அடுத்த தெரு மாதிரில்லா” என்பேன். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

உங்களுக்கு அந்த ஊர்மேல் தனியாக ஆசை கிடையாது. ஆசை மதினிக்கு. அவர் அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். சின்னப் பிள்ளையாக அங்கிருந்து வந்து, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் வளர்ந்தவருக்கு அந்த ஊரின் பச்சை கண்ணைவிட்டுப் போகவில்லை. ஓய்வு பெற்றதும் அங்கே போய் ஒரு மாதம் இருந்து பார்ப்பது, உடம்புக்கு ஒத்துக்கொண்டால் நீண்டநாள் விசாவுக்கு எழுதிப்போடுவது என்று முடிவு செய்து, என்னிடம் யோசனை கேட்க வீட்டுக்கே வந்தீர்கள். மதினி ஒரு நோட்டுடன் வந்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்.

ஜூன் மாதம் போங்கள், நமக்கு வறண்ட காற்றுக் காலம், அங்கும் மழை இருக்காது என்றேன். கொழும்பில் நெரிசல், காலி நகருக்குப் போகிற வழியில் கடலோரமாக அமைதியான இடத்தில் வீடு எடுங்கள் என்றேன். தமிழே போதும் என்றேன். மதினிக்கு அவ்வப்போது மூச்சு இழுப்பு வரும் என்று நீங்கள் தயங்கியபோது, மருந்தைச் சுமக்க வேண்டாம், எல்லாம் இதே பெயரில் அங்கே கிடைக்கும் என்றேன். அவசரம் என்றால் கொழும்பில் எனக்கு ஆள் இருக்கிறது என்றும் சொன்னேன்.

உண்மை இதுதான் அண்ணாச்சி. என் வாழ்நாளில் நான் கொழும்பில் இருந்தது இரண்டே நாள். அலுவலகம் ஒரு காகித வேலைக்காக அனுப்பியது. முதல் நாள் துறைமுக அலுவலகத்தில் கழிந்தது. மறுநாள் வயிறு கெட்டு ஓட்டல் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மற்றதெல்லாம் கப்பல்காரர்கள் வாயில் கேட்டது. எனக்கு அங்கே ஆளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நமக்கு வறண்ட காற்றடிக்கும் மாதங்களில்தான் அந்தக் கரையில் மழை கொட்டும் என்பது நீங்கள் போன பிறகு எனக்குத் தெரிந்தது. “மழை விடவே இல்ல. செவரெல்லாம் பூஞ்சை பூத்துப்போச்சு. இவளுக்கு இழுப்பு ஜாஸ்தியா இருக்கு. இங்கன மருந்துக்கடைல நம்ம மருந்து பேரு தெரியல. உங்க ஆளு நம்பர அனுப்புங்க” என்று நீங்கள் அனுப்பிய செய்தியை நான் படித்தேன். பதில் போடவில்லை. மறுநாள் பிற்பகல் போன் அடித்தது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் நான்கு முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. யார் என்று என் மனைவி கேட்டதற்கு, ஏதோ கம்பெனிக்காரன் என்று சொன்னேன்.

தமிழ் தெரியாத ஓர் ஆட்டோக்காரர்தான், தண்ணீர் ஏறிய ரோட்டில், இரண்டு ஊர் தாண்டி மதினியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். எட்டு நாள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த பிறகும் மதினி பழைய மதினி இல்லை. மாடிப்படி ஏறுவது அன்றோடு நின்றது.

நீங்கள் வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் பார்க்க வந்தேன். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே கேட்டீர்கள். “போன் ரிப்பேராக் கெடந்துச்சோ அண்ணாச்சி?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னீர்கள்.

அதன்பிறகு டீக்கடையில் இலங்கை பற்றி நீங்கள்தான் பேசினீர்கள், அதுவும் யாராவது கேட்டால் மட்டும். அந்தக் கரையின் மழை மாதம் எது என்று விசாரித்துவிட்டுப் போங்கள், மருந்தின் கம்பெனிப் பெயரை நம்பாமல் உள்ளிருக்கும் மருந்துச் சரக்கின் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், கடல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பாருங்கள், சிங்களத்தில் இருபது வார்த்தையாவது படியுங்கள், ஒரு மழைக்காலத்தை அங்கே கழிக்காமல் இங்கே வீட்டை விற்காதீர்கள் என்பீர்கள். ஒருநாள் ஒருவர் என்னைக் காட்டி, இவர் வேறு மாதிரி சொன்னாரே என்றார். “அவரு போன காலத்துல அப்படி இருந்திருக்கும்” என்று சொல்லிப் பேச்சை மாற்றினீர்கள்.

போன வருடம் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். உங்கள் வீட்டு வாசலில் கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

சென்ற மாதம் நாசரேத்திலிருந்து ஒரு கணவன் மனைவி என்னைத் தேடி வந்தார்கள். இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். இலங்கையில் போய்த் தங்க எண்ணம். மதினிதான் அனுப்பினாராம், உங்கள் கூடவே இருந்து கேட்டவன், எனக்கு விவரம் தெரியும் என்று. நான் அங்கே இருந்தது இரண்டு நாள்தான் என்று முதலில் சொன்னேன். பிறகு நீங்கள் சொல்லிவந்ததை உங்கள் பெயரைச் சொல்லியே சொன்னேன். அவர்களை அனுப்பிவிட்டு நேரே மதினியிடம் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் கதையை, இல்லாத ஆளை, எடுக்காத போனை. மதினி முறத்தில் இருந்த உளுந்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார். நான் முடித்ததும், “போன் ரிப்பேருன்னுதான் அவங்க கடைசி வரைக்கும் சொன்னாவ” என்றார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு மூச்சு முட்டுனாலும் காது கேட்டுச்சு. பக்கத்துலதான் படுத்திருந்தேன். நாலு தடவையும் ரிங்கு போச்சு. ரிப்பேரான போன்ல ரிங்கு போகாதுன்னு எனக்கே தெரியும். அவங்களுக்குத் தெரியாதா?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் மன்னிப்புக்கூடக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நான் உங்களை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். ஏமாந்தது நான்தான். எல்லாம் தெரிந்தே என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பொய்யை எனக்காக நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், அண்ணாச்சி. அந்த டீக்கடைப் பெஞ்சில் அத்தனை மாலையும் நான் நிம்மதியாக டீ குடித்திருக்கிறேன்.