கையில் கட்டும் பட்டை

என்னங்க,

ஃப்ளாஸ்கில் சூப் இருக்கிறது. பத்து மணிக்கு நர்ஸ் வருவார். சாவியை மாடிவீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், அவரே திறந்துவிடுவார். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த, பிரஷர் பார்ப்பது போன்ற காற்றுப்பட்டையைக் கையிலிருந்து பிய்த்தெறிந்தீர்கள். "ரத்தம் கசிஞ்சது மண்டையில. கைய நெரிச்சா அது எப்படிடி சரியாகும்?" என்றீர்கள். நானும் பதிலுக்குக் கத்திவிட்டேன். மத்தியானம் நீங்கள் கண்ணயர்ந்ததும் அதை என் கையில் கட்டிக் காற்றேற்றிப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தி, ஐந்து நிமிடம் விட வேண்டுமாமே. எனக்கு மூன்றாவது நிமிடத்திலேயே விரல்கள் மரத்து, கண்ணில் நீர் முட்டிவிட்டது. இதைத்தான் தினமும் இரண்டு வேளை தாங்கியிருக்கிறீர்கள். மன்னித்துவிடுங்கள்.

கையை இப்படி இறுக்கி விட்டால் மூளை தேறுமா என்று பார்க்கும் ஆராய்ச்சிதான் இது, பலன் இன்னும் உறுதியில்லை என்று டாக்டரே சொன்னார். வேண்டாமென்றால் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், கோபிக்க மாட்டேன். தொடர்வதென்றால், சாயங்கால வேளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

பி.கு: தையல்கடை வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. ஒரு மாதமாகத் 'தண்ணி' என்று கேட்கவே திணறிய மனுஷன், நேற்று ஒரு வார்த்தை குழறாமல் என்னைத் திட்டினீர்கள். நான் வந்ததும் மிச்சத்தையும் திட்டுங்கள்.