குடத்துக்குள் முகில்நங்கை

அனுப்புநர்:
ம. சுஜாதா,
தையல் கடை, தவிட்டுமேடு,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.

பெறுநர்:
நூலக அலுவலர் அவர்கள்,
நூல் கொள்முதல் பிரிவு.

பொருள்: ‘கணவாய்க் காவலி’ நாவல் தொடரின் ஆறாம் பாகத்தை எங்கள் கிளை நூலகத்துக்கு வாங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஐந்தாம் பாகம் குறித்த எங்கள் புகாரும் தங்கள் பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஞாயிறு மதியம் எஸ்டேட் பெண்கள் என் கடையில் கூடுவார்கள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த இத்தொடரை நான் சத்தமாக வாசிப்பேன். போரில் மாண்ட பிறகும் மலைக்கணவாயைக் காத்து நிற்கும் முகில்நங்கையின் கதை அது. முதல் பாகத்தில் பனிமூட்டத்தை இறக்கியே ஒரு குதிரைப்படையைத் திருப்பி அனுப்பியவள் அவள்.

2. ஐந்தாம் பாகம் எங்களை ஏமாற்றிவிட்டது. பாதிப் புத்தகம் இளவரசனின் கல்யாணப் பந்தலிலேயே நடக்கிறது. முகில்நங்கை எப்போதாவது தலைகாட்டி, அவனை நினைத்து அழுகிறாள். கடைசியில் எவனோ ஒரு மந்திரவாதி அவளைச் செப்புக்குடத்தில் அடைக்கிறான். அவளும் மறுபேச்சில்லாமல் உள்ளே போகிறாள். எங்கள் முகில்நங்கை அப்படிப் போகிறவள் அல்ல. அந்தக் கோபத்தில்தான் புகார் எழுதினோம்.

3. அதற்குத் தாங்கள், புகாரை ஏற்று இத்தொடரின் இனிவரும் பாகங்கள் வாங்கப்படமாட்டா என்று பதில் அனுப்பியுள்ளீர்கள். ஐயா, திட்டினோம், உண்மைதான். நிறுத்தச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றால் அடுப்பையே இடித்துவிடுவார்களா?

4. எங்களில் மரகதம் என்பவர், கணவர் இறந்தபின் வேலைக்குப் போவதும் வந்து கதவைச் சாத்திக்கொள்வதுமாக இருந்தவர். முதல் பாகம் வாசித்தபோதுதான் எங்களோடு வந்து உட்கார்ந்தார். தங்கள் பதிலை வாசித்துக் காட்டியதும் மற்றவர்கள் ஆத்திரப்பட்டார்கள். அவர் மட்டும், “அப்ப அவளக் குடத்துக்குள்ளயே உட்டறதுங்களா?” என்று கேட்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. போய்ப் பார்த்தேன், கதவு சாத்தியிருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை.

5. ஆகவே, தங்கள் முடிவை மாற்றி ஆறாம் பாகத்தை வாங்கி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அது ஐந்தைவிட மோசமாக இருந்தாலும் கடைசிப் பக்கம்வரை வாசிப்போம். பிறகு கட்டாயம் புகார் எழுதுவோம். அதற்காக ஏழாம் பாகத்தை நிறுத்திவிட வேண்டாம் என்பதையும் இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

முகில்நங்கையை வெளியே கொண்டுவருவது எழுத்தாளரின் பாடு. புத்தகம் வந்த அன்றே மரகதத்தின் கதவைத் தட்டுவது என் பாடு. இடையில் தேவைப்படுவது தங்கள் கையெழுத்து ஒன்றுதான்.

இடம்: தவிட்டுமேடு
நாள்: 17.11.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ம. சுஜாதா