ஜெனியின் அஞ்சு வாட்ஸ் பெட்டி

ஜூலை 5, சனி

காலையிலேயே வெயில். காத்தும் கூட. கொடியில போட்ட உள்பாவாடை பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிடுச்சு. சிலிண்டர் வந்தது. முட்டிக்கு எண்ணெய் தேய்க்கலை.

ஜெனியோட மெயின் ரோட்டு மியூசிக் கடைக்கு. அவ முதுகுல கிடார், என் கையில குடை. கரண்ட் கிடார் அது. சும்மா மீட்டினா கொசு சத்தம். ஆம்ப்ளிஃபையர் பெட்டியில செருகினாத்தான் வாய் திறக்கும். மாதா கோவில் பாடற்குழுவுல வாசிக்க அங்கே பெட்டி இருக்கு. வீட்டுல ரெண்டு வருஷமா ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஊமை வாசிப்பு. நான் வாங்கித் தரேன்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்.

பார்த்தது:
- பத்து வாட்ஸ், வால்வு இல்லாதது. மலிவு. ஜெ. மீட்டிட்டு மூஞ்சியைச் சுளிச்சா. தகரக் கூரையில கல்லு விழுந்த சத்தம்னா.
- வெளிநாட்டுப் பெட்டி, பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வெச்சது, பதினஞ்சு வாட்ஸ். சத்தம் நல்லா கனமா இருந்தது. விலை கேட்டுட்டுத் தண்ணி குடிச்சேன்.
- அதுலயே அஞ்சு வாட்ஸ். ஸ்டாக் இல்லை.

"அஞ்சு வாட்ஸா, எங்க வீட்டுக் கக்கூஸ் பல்பே ஒம்பது வாட்ஸ்"னு சொன்னேன். கடையில எல்லாரும் சிரிச்சாங்க. ஜெ.யும் சிரிச்சா. பல்பு கணக்கு வேற, இது வேறயாம். சிரிச்சிட்டுப் போகட்டும்.

பெரியவன் திருப்பூர்லேர்ந்து போன். "என் மகளை நீங்கதாம்மா கெடுக்கறீங்க"ன்னான். ஆமா, கெடுக்கறேன்.

ஜூலை 7, திங்கள்

முருங்கைக்காய் வாங்கணும். மறந்தாச்சு.

ஜெ. போன்ல ஒருத்தரைக் கண்டுபிடிச்சா. ஸ்ரீரங்கத்துல ராகவன்னு ஒருத்தர், இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர். வால்வு பெட்டியைக் கையாலயே செஞ்சு தராராம். மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. ஒண்ணாம் நம்பர் பஸ்ல போனோம். காவிரியில தண்ணி நல்லா போகுது, பாலத்துல எல்லாரும் ஒரு பக்கமா தலையைத் திருப்பினாங்க.

சித்திரை வீதிக்குள்ள சின்ன வீடு. அவர் நெத்தியில திருமண். ஹால்ல பெருமாள் படம், அதுக்குக் கீழேயே மேஜை, ஒயரு, ஈயம், கொறடு. "வாங்கோ, உக்காருங்கோம்மா"ன்னார். அவர் வீட்டம்மா காபி குடுத்தாங்க.

பெட்டி தேக்குப் பலகை. முன்னாடி மூணு குமிழ்தான். பின்பக்கம் திறந்திருக்கு, உள்ளே கண்ணாடி வால்வு ரெண்டு, சின்னது ஒண்ணு பெருசு ஒண்ணு. போட்டதும் சத்தம் வரலை. அரை நிமிஷத்துல வால்வுக்குள்ள செக்கச்செவேல்னு. அப்புறம் ஜெ. ஒரு தந்தியைத் தொட்டா. எனக்குக் கை சிலிர்த்துது.

"வாட்ஸ் கம்மியா இருக்கே சார்"னு கேட்டேன்.

"அஞ்சு வாட்ஸே தெருக்கோடி வரைக்கும் கேக்கும்மா. இந்த ஸ்விட்சைத் தட்டினா அரை வாட்ஸ். ஆத்துக்குள்ள வாசிக்க அதுவே ஜாஸ்தி."

ஜெ. என்னைப் பார்த்தா. கேக்கலை, பார்த்தா மட்டும். சரின்னுட்டேன். என் சேமிப்புக்குள்ள அடங்கற விலைதான். ஒரு வருஷத்துக்குள்ள வால்வு போனா அவரே மாத்தித் தருவாராம்.

எப்படி வெச்சுக்கணும்னு தமிழ்ல ஒரு தாள் அடிச்சு வெச்சிருக்கார். படிச்சுக் காட்ட வந்தார். "எனக்கு வாசிக்கத் தெரியும் சார்"னு வாங்கி மடிச்சுப் பையில போட்டுட்டேன். அஞ்சாவதுதான் படிச்சேன். ஆனா கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவ.

ஜூலை 9, புதன்

பெட்டி வந்தாச்சு. ஆட்டோவுல. இவ்வளவு கனம் இருக்கும்னு நெனக்கலை, அரிசி மூட்டை மாதிரி.

ஜன்னல் ஓரம் ஸ்டூல் மேல. ஜெ. சாயங்காலம் முழுக்க வாசிச்சா. மாதா பாட்டு ஒண்ணு, அப்புறம் எனக்குப் புரியாதது நாலு. மாடிப்படியில ரெண்டு பேர் நின்னு கேட்டாங்க. "உங்க பேத்தியா லூர்தம்மா?" "ஆமா, பெட்டி நான் வாங்கிக் குடுத்தது." மூணு பேர்கிட்ட சொன்னேன். நாலு இருக்கும்.

ஜூலை 12, சனி

நாளைக்கு அன்பியக் கூட்டம் நம்ம வீட்டுல. தெருவுல நம்ம கோவில் குடும்பம் எல்லாம் வரும். கொண்டைக்கடலை ஊறப் போட்டாச்சு. கேசரிக்கு நெய் பத்தாது. ஜெபம் முடிஞ்சதும் ஜெ. வாசிக்கப் போறா.

எதிர் வீட்டு ஸ்டெல்லா எட்டிப் பார்த்தா. அவதான் அன்பியத்துக்குத் தலைவி.

"புதுப் பொருளாச்சே அக்கா. மந்திரிச்சாச்சா?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. மிக்சி வாங்கினப்ப தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சோம், பெரியவன் வண்டி வாங்கினப்ப மந்திரிச்சோம். ஜெ.கிட்ட கேட்டா, "கிடார் பெட்டிக்கு எல்லாம் எதுக்கு அப்பாயி, விடுங்க"ன்னா.

ஜூலை 13, ஞாயிறு

கூட்டம் நடந்தது. பன்னெண்டு பேர். சுண்டல் மிச்சம்.

பெட்டி வேலை செய்யலை. ஜெ. எல்லார் முன்னாடியும் கிடாரை மாட்டிக்கிட்டு நின்னா. ஸ்விட்சை மேலே கீழே தட்டினா. ஒண்ணும் வரலை. எனக்கு அவமானம். கையால செஞ்ச சாமான், அப்படித்தான் இருக்கும்.

தலைவலி.

ஜூலை 14, திங்கள்

நேத்து எழுதினது முழுசும் உண்மை இல்லை. யாரும் படிக்காத நோட்டு இது. இதுலயும் மறைச்சிருக்கேன்.

நடந்தது இது. பூசை முடிஞ்சு வரும்போது கோவில்லேர்ந்து பாட்டில்ல தீர்த்தம் புடிச்சிட்டு வந்தேன். மத்தியானம் ஜெ. பெட்டியைப் போட்டு வாசிச்சுப் பார்த்துட்டு, அப்படியே எரியவிட்டுட்டு மாவு வாங்கப் போனா. சுடச்சுட இருந்தது. ஃபாதர் வண்டி மந்திரிக்கறப்ப என்ஜின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், லைட்டும் எரியும். அணைஞ்சு கிடக்கறதுக்கு என்ன ஆசீர்வாதம்னு நெனச்சேன். முன்னாடி தெளிச்சேன். அது பலகைதானே, உயிர் பின்னாடில்ல இருக்குன்னு பின்னாடியும் தெளிச்சேன். பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு மூணு தடவை.

மூணாவதுல டிக்குன்னு ஒரு சத்தம். பெரிய வால்வுக்குள்ள ஊதாக் கலர்ல ஒரு வெளிச்சம். அப்புறம் எதுவும் இல்லை. கரண்ட்டை அணைச்சேன். முந்தானையால துடைச்சேன். பாட்டிலை மாதா படத்துக்குப் பின்னாடி வெச்சேன்.

ஜெ. வந்தா. சொல்லலை. கூட்டத்துக்கு முன்னாடி எதுக்குன்னு இருந்துட்டேன்.

கூட்டத்துல பெட்டி பேசாம இருந்தப்ப ஸ்டெல்லா கேட்டா, "என்னக்கா ஆச்சு?" வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "ஸ்ரீரங்கத்து ஆளு ஏமாத்திட்டார்"னேன். பன்னெண்டு பேர் முன்னாடி, சத்தமா. "பேசற பேச்சு மட்டும் தேன்"னு வேற சேர்த்தேன். ஏன் சேர்த்தேன்? யாரும் கேக்கலையே.

அந்தத் தாளை இன்னைக்குத்தான் பிரிச்சேன். ரெண்டாவது வரியிலேயே இருக்கு. எரியும்போது கண்ணாடியில ஈரம் படக்கூடாது. பெரிய எழுத்துல.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. தெருவுல மைக் செட்டு காலையிலேயே.

ஜெ. போன்ல வீடியோ போட்டிருக்கா. இன்னைக்குத்தான் காட்டினா. "நாலே நாள்ல செத்துப்போச்சு, கையால செஞ்ச பெட்டி வாங்காதீங்க, எங்க அப்பாயி சேமிப்பு போச்சு"ன்னு சொல்றா. ஏமாத்து வேலைங்கிறா. என் வார்த்தை. அவர் பேரையும் சொல்றா.

கீழே நிறைய பேர் எழுதியிருக்காங்க. காட்டூர்லேர்ந்து ஒருத்தர், "நானும் ஆர்டர் குடுத்திருந்தேன், நல்லவேளை, வேண்டாம்னு சொல்லிட்டேன்"னு. ஜெ. அதைப் படிச்சுட்டு, "ஒரு ஆளையாவது காப்பாத்தினோம் அப்பாயி"ன்னா.

சோறு இறங்கலை. வாயு போலன்னு சொல்லி ஓமத் தண்ணி குடிச்சேன். இன்னொரு பொய்.

ஜூலை 19, சனி

ராகவன் சார் வந்தார். நாங்க கூப்பிடலை. பஸ்ல வந்திருக்கார், இந்த வெயில்ல. துண்டுல சுத்தின வால்வு ஒண்ணு கையில.

ஜெ. முறைச்சுக்கிட்டுத்தான் கதவைத் திறந்தா. அவர் அதைப் பார்த்த மாதிரி காட்டிக்கலை. தரையில சம்மணம் போட்டு உக்காந்து வால்வைக் கழட்டினார்.

"இங்க பாரு குழந்தே. உள்ள வெள்ளி பூசினாப்ல இருக்கணும். வெளுத்துப் போயிடுத்து. கண்ணாடில விரிசல், காத்து உள்ள போயிடுத்து."

"விரிசல் எப்படி சார் விழும்?"

"சூட்டுல குளிர்ந்தது பட்டா விழும். இல்லேன்னா சரக்கே மட்டமா இருக்கும். நான் இன்னும் ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டுன்னா குடுத்திருக்கணும். என் தப்புதான்."

நான் சமையல்கட்டு வாசல்ல, கையில கரண்டி. அப்ப சொல்லியிருக்கலாம். அவ்வளவு பக்கத்துல இருந்தார். காபி வேணுமான்னு கேட்டேன். குடிச்சார். "டிகாஷன் திக்கா நன்னாருக்கும்மா"ன்னார்.

புது வால்வு போட்டதும் பெட்டி பாடுச்சு. காசு வாங்கலை. ஜெ. முகம் மாறிடுச்சு. "வீடியோவை எடுத்துடறேன் சார்"னா. "உள்ளதைத்தானே சொன்னே, இருக்கட்டும். நான் வந்து மாத்தினதையும் போடு, போறும்"னார்.

உள்ளதைத்தானே சொன்னே. அவர் படி இறங்கிப் போறதை ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். கைப்பிடியைப் புடிச்சு ஒவ்வொரு படியா.

ஜூலை 20, ஞாயிறு

ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். கோபப்பட்டேன், ஜெபமாலை விட்டுப்போச்சு, ஸ்டெல்லாவைப் பத்திப் புறணி பேசினேன். இவ்வளவுதான் சொன்னேன். ஃபாதர் மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். ஒன்பது சொன்னேன். ஒன்பது சொன்னா சரியாயிடுமா.

பூசையில நற்கருணை அப்பம் வாங்க மனசு வரலை. பல்வலின்னு ஜெ.கிட்ட சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

தனியா ஸ்ரீரங்கம் போனேன். ஜெ.கிட்ட ரேஷன் கடைன்னேன். பஸ்ல மூணு தடவை எறங்கிடலாம்னு தோணுச்சு. பாலத்து நடுவுல எறங்க முடியாது. அதனால போய்ச் சேர்ந்தேன்.

வீட்டம்மா கோவிலுக்குப் போயிருந்தாங்க. நல்லதாப் போச்சு. மேஜை மேல பாதி செஞ்ச பெட்டி ஒண்ணு, துணி போட்டு மூடி.

உக்காரலை. நின்னுக்கிட்டே சொன்னேன். தீர்த்தம் தெளிச்சது, துடைச்சது, கூட்டத்துல சொன்னது. ஏமாத்துக்காரர்னு சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் ரொம்ப நேரம் ஆச்சு.

அவர் முதல்ல கேட்டது: "பின்னாடி கை வெச்சேளா?"

"இல்லை சார். தள்ளி நின்னுதான்."

"முந்நூறு வோல்ட் இருக்கும்மா அதுல. ஈரக்கையோட உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா?" அவருக்குக் குரல் நடுங்குது. நான் தப்பு பண்ணிட்டு நிக்கறேன், நடுங்கறது அவர். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். வாங்கிக்கிட்டு வந்திருப்பேன்.

அப்புறம் லேசா சிரிச்சார். "நானும் பெருமாள் தீர்த்தம் தெளிக்கறது உண்டு. ஆனா வெறும் பலகையா இருக்கறச்சே. ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி."

"உங்க ஆர்டர் போச்சே சார்"ன்னேன்.

"ரெண்டு போச்சு. போறது விடுங்கோ. தஞ்சாவூர்ல ஒரு பொண்ணு போன வருஷம் வாங்கிண்டா. நன்னா வாசிப்பா. இப்ப வெடிச்சுடுமோன்னு பயந்துண்டு பெட்டியை மூட்டை கட்டி வெச்சுட்டாளாம். அதுதான் மனசு கேக்கலை."

யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னார். உங்க பேத்திக்கு உங்க மேல இருக்கற மரியாதை பெருசுன்னார். திரும்பி வரும்போது பஸ்ல உக்கார இடம் கிடைச்சும் நின்னுக்கிட்டே வந்தேன்.

ஜூலை 23, புதன்

ஜெ. கிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம், அவ காலேஜ் பையைக் கீழே வைக்கறதுக்கு முன்னாடி.

கத்துவான்னு பார்த்தேன். கத்தலை. பையை வெச்சா. டிபன் பாக்ஸைக் கழுவினா. ரொம்ப நேரம் கழுவினா.

"நீங்க அன்பியத்துல சொன்னீங்களே அப்பாயி, ஏமாத்திட்டார்னு. அதை நம்பித்தான் நான் அப்படியே பேசினேன்."

"ஆமா."

"நான் அவர் பேரைச் சொல்லிப் பேசினதை இருபதாயிரம் பேர் பார்த்தாச்சு. எடுத்தாலும் பார்த்தது பார்த்ததுதான்."

உள்ளே போயிட்டா. அப்புறம் வந்து நின்னா. "நான் சொன்னா மழுப்பறேம்பாங்க. நீங்கதான் சொல்லணும். வீடியோவுல."

முடியாதுன்னேன். தெரு முழுக்கப் பார்க்கும். ஸ்டெல்லா பார்ப்பா, பெரியவன் பார்ப்பான், ஃபாதர் பார்ப்பார். அறுபத்தெட்டு வயசுல நான் தலை குனிஞ்சு நின்னதில்லை.

"அவர் மட்டும் குனியலாமா அப்பாயி?" கேட்டுட்டுப் போயிட்டா. பெட்டியை இன்னைக்குத் தொடவே இல்லை.

ஜூலை 24, வியாழன்

காத்து இன்னைக்கும். தண்ணி லாரி வரலை. கீரை ரெண்டு கட்டு.

ஜெ. காலேஜ் போகலை. நல்ல சேலை கட்டிக்கவான்னு கேட்டேன். வேண்டாம், இப்படியே இருங்கன்னா. பெட்டிக்குப் பக்கத்துல நாற்காலி. போனை மாவு டப்பா மேல சாய்ச்சு வெச்சா.

சொன்னேன். "நான் ஜெனியோட அப்பாயி, லூர்து. பெட்டி கெட்டது ராகவன் சார் தப்பு இல்லை. எரியும்போது நான்தான் தண்ணி தெளிச்சேன். மறைச்சேன். அவரை ஏமாத்துக்காரர்னு சொன்னேன். அது பொய். அவர் பெட்டி வெச்சிருக்கறவங்க பயப்படாம வாசிங்க."

ஜெ. போன்ல காதை வெச்சுக் கேட்டா. "'நான்தான்'னு சொல்ற இடத்துல குரல் உள்ளே போயிடுச்சு அப்பாயி. கேக்கலை. இன்னொரு தடவை."

அப்பத்தான் ஸ்டெல்லா கறிவேப்பிலை கேட்டு வந்தா. கதவு திறந்திருந்தது. "என்னக்கா, ஷூட்டிங்கா?"ன்னு அங்கேயே நின்னுட்டா. ஜெ. என்னைப் பார்த்தா. கதவைச் சாத்தட்டுமான்னு கையால கேட்டா.

வேண்டாம்னேன். அவ நிக்கறப்பவே சொன்னேன், சத்தமா, முதல்லேர்ந்து.